பெரட்டுக்கு முன்பே விழித்திருக்க வேண்டிய சர்வர்: அஸூர் ஆப் சர்வீஸில் நோட் ஜேஎஸ்

மலேசியாவின் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பொழுது விடியுமுன்பே, ஆள் எண்ணி வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் ஆள் கூடிவிடும். மண்டோர் (வேலைக் கண்காணி) கைப்பேசியில் ஆள்வரவு பதிகிற ஒரு சின்னச் செயலி, செம்பனைக் குலை ஏற்றும் லாரிக் குத்தகையாளருக்கு எடைச்சீட்டுக் கணக்கு, டவுனில் ஓர் உதிரிபாகக் கடைக்குப் பில்: இந்த மாதிரி ஊரில், சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸில் எழுதத் தேவைப்படுவது பெரும்பாலும் இந்த அளவு வேலைதான். ஐம்பது பேர் பயன்படுத்துவார்கள், ஆனால் அந்த ஐம்பது பேரும் காலை ஆறு மணிக்கு ஒரே நேரத்தில் வருவார்கள். இதற்கு, செயலிகளை இணையத்தில் ஓட்டித் தரும் மைக்ரோசாஃப்ட்டின் அஸூர் ஆப் சர்வீஸ் சரிப்படுமா?

சரிப்படும். ஆனால் திட்டம் (செயலி ஓட நாம் வாடகைக்கு எடுக்கும் சர்வர்) லினக்ஸாக இருக்க வேண்டும், இலவசப் படியை விட்டு பி1 என்ற கட்டணப் படிக்கு வர வேண்டும், டேட்டாபேஸைத் தனியே வைக்க வேண்டும். இந்த மூன்றையும் முதல் நாளே செய்துவிட்டால் நிம்மதியாக ஓடுகிற சேவை இது. மிச்சம் பிடிக்கலாம் என்று ஒன்றை விட்டாலும் ஏதோ ஒரு மாதக் கடைசியில் அது வட்டியோடு திரும்பி வரும்.

முதலில் விண்டோஸா, லினக்ஸா என்ற கேள்வி. ஆப் சர்வீஸில் இரண்டுமே உண்டு. நோட் ஜேஎஸ் விண்டோஸில் இயல்பாக ஓடத் தொடங்கியது 2011 நவம்பரில் வந்த 0.6 பதிப்பிலிருந்து. விண்டோஸ் திட்டத்தில் உங்கள் செயலி மைக்ரோசாஃப்ட்டின் ஐஐஎஸ் வலைச் சர்வருக்குப் பின்னால், ஐஐஎஸ்நோட் என்ற இணைப்பின் வழியாக ஓடும். செயலி எந்த வாசலில் கேட்க வேண்டும் என்று சர்வர் சொல்லும் போர்ட் என்ற சூழல் மாறியில் அங்கே எண் வராது, ஒரு பைப்பின் (கணினிக்குள் நிரல்கள் பேசிக்கொள்ளும் வழி) பெயர்தான் வரும். பழக்கதோஷத்தில் அதைப் பார்ஸ்இன்ட் போட்டு எண்ணாக மாற்றுகிற ஒரு வரி இருந்தால் கிடைப்பது 'எண் அல்ல' என்ற மதிப்பு, செயலி எழும்பாது. லினக்ஸ் திட்டத்தில் இந்தத் தொல்லை இல்லை. போர்ட் என்பது சாதாரண எண், வழக்கமாக 8080. இணையத்தில் கிடைக்கும் இன்றைய எடுத்துக்காட்டுகளும் பெரும்பாலும் லினக்ஸை வைத்து எழுதப்பட்டவை. புதிதாகத் தொடங்குகிறவர் விண்டோஸ் திட்டம் எடுக்க ஒரு காரணமும் தென்படவில்லை.

சர்வர் லினக்ஸ் என்று முடிவானதும் மடிக்கணினியையும் அதற்கு ஒப்பாக மாற்றியாக வேண்டும். இந்தச் சேவையைப் பற்றி வருகிற புகார்களில் பல உண்மையில் சேவையின் குறை அல்ல, விண்டோஸ் மடிக்கணினிக்கும் லினக்ஸ் சர்வருக்கும் இடையிலுள்ள இடைவெளி. அதை அடைக்க மைக்ரோசாஃப்ட் தருவதுதான் டபிள்யூஎஸ்எல் 2, விண்டோஸுக்குள்ளேயே ஓடும் லினக்ஸ். நிர்வாகி உரிமையோடு பவர்ஷெல் திறந்து 'டபிள்யூஎஸ்எல் இன்ஸ்டால்' கட்டளையை ஓட்டினால் உபுண்டு இறங்கும். பயாஸில் (கணினி எழும்போதே வரும் அடிப்படை அமைப்புப் பக்கம்) விர்ச்சுவலைசேஷன் அணைந்திருந்தால் அந்த இடத்திலேயே பிழை காட்டும், அதை முதலில் பார்த்துவிடுங்கள். விஷுவல் ஸ்டூடியோ கோடில் டபிள்யூஎஸ்எல் நீட்சியைப் போட்டு, உபுண்டு முனையத்தில் புராஜெக்ட் கோப்புறைக்குள் நின்று 'கோட்' என்று தட்டி ஓர் இடைவெளி விட்டுப் புள்ளி வைத்தால் போதும். எடிட்டர் விண்டோஸில் திறக்கும், உள்ளே ஓடுவதெல்லாம் லினக்ஸாக இருக்கும்.

ஒரே ஒரு விதியை மீறக் கூடாது. புராஜெக்ட் லினக்ஸின் ஹோம் கோப்புறைக்குள் இருக்க வேண்டும், சி டிரைவில் வைத்துவிட்டு உபுண்டுவிலிருந்து எட்டிப் பிடிக்கக் கூடாது. இரண்டு இயங்குதளங்களின் எல்லையை ஒவ்வொரு கோப்பும் தாண்டும்போது வேகம் விழுகிறது. செயலிக்கு வேண்டிய பொட்டலங்கள் இறங்கும் நோட் மாட்யூல்ஸ் கோப்புறையில் இருப்பதோ ஆயிரக்கணக்கான பொடிக் கோப்புகள். அதோடு, சி டிரைவில் இருக்கும் கோப்பு மாறினால் அந்தச் செய்தி லினக்ஸ் பக்கம் வந்து சேராது. கோப்பைச் சேமித்ததும் தானாக மறுதொடக்கம் ஆக வேண்டிய நோட்மான் அசையாமல் நிற்கும். அதன் அமைப்பைக் குடைவதைவிடக் கோப்புறையை இடம் மாற்றுவதே சரி.

எட்டு ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினிக்கு இன்னொரு திருத்தமும் வேண்டும். டபிள்யூஎஸ்எல் 2 தன் போக்கில் விட்டால் மொத்த நினைவகத்தில் பாதி வரை எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் பயனர் கோப்புறையில் புள்ளியோடு தொடங்கும் டபிள்யூஎஸ்எல்கான்ஃபிக் கோப்பில் மெமரி 3 ஜிபி என்று வரம்பு வைத்து, டபிள்யூஎஸ்எல்லை முழுதாக அணைத்துத் திறந்தால் பிரவுசருக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும்.

இதையெல்லாம் செய்யாமல் விண்டோஸிலேயே எழுதி நேராக ஏற்றினால் என்ன ஆகும்? மூன்று பிழைகள் தவறாமல் வரும். கடவுச்சொல்லைக் குழப்பி வைக்கும் பீகிரிப்ட் போன்ற பொட்டலங்களுக்குள் இயந்திர மொழியில் தொகுக்கப்பட்ட பகுதி இருக்கும். விண்டோஸில் நிறுவிய நோட் மாட்யூல்ஸை அப்படியே ஜிப் போட்டு ஏற்றினால், சர்வரின் பதிவேட்டில் (லாக்) 'இன்வாலிட் ஈஎல்எஃப் ஹெடர்' என்ற வரியோடு செயலி விழும். விண்டோஸுக்கான கோப்பை லினக்ஸிடம் நீட்டுகிறோம் என்பதே அதன் பொருள். அடுத்தது எழுத்துப் பிரச்சினை. கோப்பின் பெயர் பெரிய டபிள்யூவில் தொடங்க, அதை அழைக்கும் ரிக்வயர் வரியில் சின்ன டபிள்யூ போட்டிருந்தால் விண்டோஸ் கண்டுகொள்ளாது, லினக்ஸ் 'கேனாட் ஃபைண்ட் மாட்யூல்' என்று நிறுத்திவிடும். இதில் ஒரு சூது உண்டு: விண்டோஸில் பெயரின் எழுத்தளவை மட்டும் மாற்றினால், கோடின் மாற்றங்களைக் கண்காணிக்கும் கிட் அதை மாற்றமாகவே எண்ணாது. 'கிட் எம்வி' கட்டளையால்தான் மாற்ற வேண்டும். மூன்றாவது, ஷெல் கோப்புகளில் விண்டோஸ் வரிமுடிவு ஒட்டிக்கொண்டு வருவது. கிட்ஆட்ரிபியூட்ஸ் கோப்பில் வரிமுடிவு எல்எஃப் என்று ஒரு தடவை எழுதி வைத்தால் தீர்ந்தது.

சர்வர் பக்கம் வருவோம். செயலியை ஏற்றிய முதல் நாளில் அடிக்கடி காணும் பிழை, 8080 போர்ட்டில் பிங்குக்குப் பதில் இல்லை, தளம் தொடங்கவில்லை என்பது. கோடில் 3000 என்று எண்ணை நேரடியாக எழுதிவைத்திருப்பார்கள், அல்லது லோக்கல்ஹோஸ்டில் மட்டும் கேட்கும்படி விட்டிருப்பார்கள். சூழல் மாறியிலுள்ள போர்ட்டை எடுத்து, 0.0.0.0 முகவரியில் கேட்கச் சொல்லுங்கள். தொடங்குவதற்கு வழக்கமான அவகாசம் 230 விநாடி. ஆப் செட்டிங்ஸில் இதை 1800 வரை கூட்டலாம், ஆனால் அவ்வளவு நேரம் தேவைப்படும் செயலியில் வேறு எங்கோ கோளாறு இருக்கிறது. அதே 230 விநாடி இன்னோர் இடத்திலும் குறுக்கே வரும். ஒரு கோரிக்கைக்கு அதற்குள் பதில் போகாவிட்டால் முன்னால் நின்று கோரிக்கைகளைப் பகிர்ந்தனுப்பும் லோட் பேலன்சர் இணைப்பை வெட்டிவிடும். மாதச் சம்பளச் சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரே கிளிக்கில் பிடிஎஃப் ஆக்கித் தரும் பக்கம் எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வேலையைப் பின்னணியில் ஓட விட்டு, முடிந்ததும் இறக்கிக்கொள்ள இணைப்புத் தருவதே சரி.

நோட் ஜேஎஸ்ஸில் வலைச் செயலி எழுத உதவும் எக்ஸ்பிரஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு வரி: டிரஸ்ட் பிராக்ஸி அமைப்பை 1 என்று வையுங்கள். எச்டிடிபிஎஸ் உறை வாசலிலேயே பிரிக்கப்பட்டு, உங்கள் செயலிக்கு வெறும் எச்டிடிபியாகத்தான் வந்து சேர்கிறது. இந்த வரி இல்லையென்றால், பாதுகாப்பான இணைப்பில் மட்டும் போக வேண்டும் என்று சொல்லியிருக்கும் செஷன் குக்கீயை (லாகின் ஆனவரை அடையாளம் காட்டும் குறிப்பு) செயலி அனுப்பவே அனுப்பாது. பயனர் சரியான கடவுச்சொல்லைப் போடுவார், திரும்பவும் லாகின் பக்கத்துக்கே வந்து நிற்பார். பதிவேட்டில் ஒரு பிழையும் இருக்காது. மணிக்கணக்கில் தேட வைக்கும் கோளாறு இது.

இலவச எஃப்1 படி கற்றுக்கொள்ள நல்லது, தொழிலுக்கு ஆகாது. ஒரு நாளைக்கு 60 சிபியு நிமிடம் மட்டும், அது தீர்ந்தால் 403 பிழையோடு தளம் மூடிக்கொள்ளும். சொந்த டொமைன் வைக்க முடியாது. எல்லாவற்றையும்விட, 'ஆல்வேஸ் ஆன்' அதில் இல்லை. இருபது நிமிடம் யாரும் தொடாவிட்டால் செயலி உறங்கிவிடும். இரவெல்லாம் உறங்கியதை விடியற்காலையில் எழுப்புவது யார்? பெரட்டுக்களத்தில் நிற்கும் மண்டோர். ஒற்றைக் கோடு சிக்னலில், வரிசையில் ஆள் காத்திருக்க, வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். இரண்டு நாள் அப்படி நடந்தால் மூன்றாம் நாள் பழைய செக்ரோல் (ஆள்வரவு) புத்தகத்தைக் கையில் எடுத்துவிடுவார், அவரைக் குறை சொல்ல முடியாது. பி1 படியில் ஒரு கோர், 1.75 ஜிபி நினைவகம், சொந்த டொமைன், இலவசச் சான்றிதழ் எல்லாம் உண்டு. ஆல்வேஸ் ஆன் அங்கேயும் தானாக இயங்கும் என்று நம்பாமல், கான்ஃபிகரேஷன் பக்கத்தில் போய் நீங்களே போட்டுவிடுங்கள். மேற்படிப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு, கடன் அட்டை இல்லாமலே 12 மாதத்துக்கு 100 டாலர் மதிப்புள்ள மாணவர் சலுகை இருக்கிறது. பழகுவதற்கு அது தாராளம்.

இனி தேதி. தோட்டத்துக் கணக்கு எழுதுகிறவர்களுக்கு இதைவிட முக்கியமானது எதுவும் இல்லை.

சர்வரின் கடிகாரம் யுடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. நமக்கும் அதற்கும் எட்டு மணி நேர வித்தியாசம். ஒன்றாம் தேதி காலை 6.30க்குப் பதிந்த ஆள்வரவு, சர்வரின் கணக்கில் முந்தைய மாதக் கடைசி நாள் இரவு 10.30. காலை எட்டு மணிக்கு முன் பதிகிற எல்லாமே ஒரு நாள் பின்தங்கும். அலுவலக வேலைக்கு எழுதப்பட்ட செயலியில் இது கண்ணில் படவே படாது, ஏனென்றால் அங்கே எட்டு மணிக்கு முன் யாரும் பதிவதில்லை. தோட்டத்திலோ அந்த நேரத்தில்தான் முழுப் பதிவும் நடக்கிறது. ஒன்றாம் தேதிச் சம்பளம் போன மாதத்தில் ஏறினால் ஒரு தொழிலாளியின் வேலை நாள் எண்ணிக்கை குறையும், அதைத் தொட்டு இபிஎஃப் சேமநிதி, சொக்சோ காப்புறுதிக் கழிவும் மாறும். மடிக்கணினி மலேசிய நேரத்தில் இருப்பதால் சோதிக்கும்போது எல்லாம் சரியாகவே தெரியும்.

நேர மண்டலத்தைச் சொல்லும் டிஇசட் என்ற ஆப் செட்டிங்கில் ஏசியா/கோலாலம்பூர் என்று போடலாம். கெட்டேட் போன்ற உள்ளூர் நேரச் செயல்கள் அதோடு சரியாகும். ஆனால் டூஐஎஸ்ஓஸ்டிரிங் எதைப் போட்டாலும் யுடிசிதான் தரும். அதன் முதல் பத்து எழுத்தை வெட்டித் தேதியாக எடுக்கும் குறுக்குவழியைப் பலர் பயன்படுத்துகிறார்கள், தவறு அங்கேதான் நுழைகிறது. சரியான வழி: டேட்டாபேஸில் நேரத்தை நேர மண்டலத்தோடு கூடிய டைம்ஸ்டாம்ப்பாக வையுங்கள். தேதியாகக் காட்டும்போதும் கூட்டும்போதும் மட்டும் கோலாலம்பூர் நேரத்துக்கு மாற்றுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் இன்ட்ல் டேட்டைம்ஃபார்மேட் இதைச் செய்யும், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் 'அட் டைம் சோன்'. சோதனைக்கு, முனையத்தில் டிஇசட் மாறியை யுடிசி என்று வைத்து மடிக்கணினியிலேயே ஓட்டிப் பாருங்கள், ஏற்றும் முன்பே குட்டு வெளிப்படும்.

தொழிலாளர் பிறந்த தேதியை டைம்ஸ்டாம்ப்பாக வைக்காதீர்கள், வெறும் தேதியாகவே வையுங்கள். 1981 முடியும்வரை தீபகற்ப மலேசியாவின் நேரம் யுடிசியைவிட ஏழரை மணி நேரம்தான் முன்னால். 1982 தொடங்கியபோதுதான் அது எட்டானது. எட்டு என்று கோடில் நிலையாக எழுதிக் கழித்துச் சேமித்துவிட்டு, கோலாலம்பூர் நேரமாக மாற்றிக் காட்டினால் அதற்கு முன் பிறந்தவர்களின் நேரம் அரை மணி பிசகும், நள்ளிரவாக வைத்திருக்கும் தேதியில் அரை மணியே நாளை மாற்றப் போதும். வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் அமைப்புக்கு மின்விலைப்பட்டியல் அனுப்பும்போது நிலைமை தலைகீழ்: அதில் வெளியிடும் நேரம் யுடிசியில்தான் இருக்க வேண்டும். உள்ளூர் நேரத்தை அப்படியே அனுப்பினால் எட்டு மணி நேரம் எதிர்காலத்தில் விழும். அதன் நுழைவு டோக்கன் 60 நிமிடம் செல்லும், ஒவ்வொரு பில்லுக்கும் புதிதாகக் கேட்காமல் சேமித்து வைத்துப் பயன்படுத்துங்கள்.

அடுத்தது வட்டு. லினக்ஸ் திட்டத்தில் நிலைத்து நிற்பது ஹோம் கோப்புறை மட்டும், மற்ற இடத்தில் எழுதியதெல்லாம் மறுதொடக்கத்தில் போய்விடும். ஹோம் என்பதும் வலைப்பின்னலில் தொலைவிலிருக்கும் சேமிப்பகம். பொடிக் கோப்புகளுக்கு அது மெதுவானது, கோப்புப் பூட்டு அதில் நம்பகமில்லை. ஒரே கோப்பில் அடங்கும் எஸ்க்யூலைட் டேட்டாபேஸை அங்கே வைத்தால் மண்டோர்கள் ஒன்றாகப் பதியும் நேரத்தில் 'டேட்டாபேஸ் இஸ் லாக்ட்' என்று வரும். சின்ன வேலைக்கு எஸ்க்யூலைட் அருமையான கருவிதான், ஆனால் இந்த வட்டில் வேண்டாம்.

ஆலையின் எடைமேடையில் தரும் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய கார்பன் தாள், மொத்த எடை, வெற்று லாரி எடை, நிகர எடை மூன்றும் மங்கிய மையில் அச்சாகியிருக்கும், ஓட்டுநர் மடித்துச் சட்டைப்பையில் வைத்ததால் மடிப்பில் ஓர் எண் தேய்ந்திருக்கும். ஆகவே அதைப் படமெடுத்து அனுப்பச் சொல்கிறோம். படத்தைச் செயலியின் கோப்புறையில் சேமித்தால், ஜிப்பையே வட்டாக ஏற்றும் 'ரன் ஃப்ரம் பேக்கேஜ்' முறையில் அந்த இடம் படிக்க மட்டும்தான், எழுத முடியாது. வேறு தற்காலிக இடத்தில் போட்டால் அடுத்த மறுதொடக்கத்தில் சீட்டே இல்லை. படம் நேராக அஸூரின் கோப்புக் கிடங்கான பிளாப் ஸ்டோரேஜுக்குப் போகட்டும், டேட்டாபேஸில் அதன் பெயர் மட்டும் இருக்கட்டும். கைப்பேசிப் பக்கத்திலேயே படத்தைச் சுருக்கி அனுப்பினால் தோட்டத்துச் சிக்னலுக்கும் தாங்கும்.

டேட்டாபேஸுக்கு அஸூரின் போஸ்ட்கிரெஸ் ஃபிளெக்சிபிள் சர்வரில் சின்ன பி1எம்எஸ் படி போதும்: ஒரு கோர், 2 ஜிபி. மொத்த இணைப்பு 50, அதிலும் சில சேவைக்கென ஒதுக்கப்பட்டவை. நோட் ஜேஎஸ்ஸைப் போஸ்ட்கிரெஸ்ஸோடு இணைக்கும் பிஜி பொட்டலத்தின் இணைப்புத் தொகுப்பு வழக்கமாக 10 வரை எடுக்கும். தொகுப்பைக் கோரிக்கைக்கு ஒன்றாக உருவாக்கினால் ஆறரை மணிக்குள் 50 தீர்ந்துவிடும். செயலி முழுவதற்கும் ஒரே தொகுப்பு, அவ்வளவுதான்.

ஏற்றும் முறைக்கு வருவோம். மடிக்கணினியிலிருந்து நோட் மாட்யூல்ஸோடு ஜிப் ஏற்றுவது நம் ஊர் இணைப்புக்குப் பாரம், மாலை இடிமழையில் பாதியில் அறுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நிரலை மட்டும், அதை இணையத்தில் சேமித்து வைக்கும் கிட்ஹப்புக்குத் தள்ளிவிட்டு, நிறுவுவதையும் கட்டுவதையும் அங்குள்ள தானியங்கிச் சேவையான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் செய்யட்டும். தள்ளுவது சில கேபிதான், மற்றதெல்லாம் அங்கிருந்து அஸூருக்குப் போகிறது. பொட்டலங்களை நிறுவ என்பிஎம் இன்ஸ்டாலுக்குப் பதில் என்பிஎம் சிஐ கட்டளை, பதிப்புகளைக் குறித்து வைக்கும் லாக் கோப்பும் கூடவே. ஆக்‌ஷன்ஸில் நோட் மாட்யூல்ஸை அப்படியே ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குக் கடத்தாமல், ஒற்றை ஜிப்பாக்கிக் கடத்துங்கள், ஆமை வேகம் போய்விடும். ஆப் சர்வீஸையே கட்டச் சொல்லும் வழியும் உண்டு. அப்போது நோட்_என்வ் மாறி புரொடக்‌ஷன் என்று இருந்தால் டெவ் டிபென்டென்சிகள் (எழுதவும் கட்டவும் மட்டும் தேவையான பொட்டலங்கள்) நிறுவப்படாது, டைப்ஸ்கிரிப்ட் புராஜெக்டில் 'டிஎஸ்சி நாட் ஃபவுண்ட்' என்று கட்டுமானம் நிற்கும்.

நோட் பதிப்பை இரட்டைப்படை எண்ணில் வைத்திருங்கள், இதுவரை நீண்ட ஆதரவு அவற்றுக்குத்தான் கிடைத்திருக்கிறது. 18க்கு ஆதரவு 2025 ஏப்ரலோடு முடிந்தது, 22க்கு 2027 ஏப்ரல் வரை உண்டு. மடிக்கணினியிலும், நோட் பதிப்பை மாற்றித் தரும் என்விஎம் மூலம் அதே பதிப்பை வையுங்கள்.

அஸூரின் எந்தத் தரவு மையத்தில் வைப்பது என்ற தேர்வில் முன்பு சிங்கப்பூரிலுள்ள சவுத்ஈஸ்ட் ஏசியாதான் நமக்கு அருகில் இருந்தது. 2025இல் மலேசியா வெஸ்ட் திறந்தது. எதை எடுத்தாலும் செயலியும் டேட்டாபேஸும் ஒரே இடத்தில் இருக்கட்டும். உங்களுக்கு வேண்டிய படி அங்கே கிடைக்கிறதா என்று விலைக் கணிப்பானில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கட்டணத்தில் பலர் ஏமாறுவது ஒரே இடத்தில்: காசு செயலிக்கு அல்ல, திட்டத்துக்கு. செயலியை நிறுத்தி வைத்தாலும் பி1 திட்டம் இருக்கும்வரை பில் ஓடும், திட்டத்தையே அழித்தால் அல்லது இலவசப் படிக்கு இறக்கினால்தான் நிற்கும். இதன் நல்ல பக்கம், ஒரே திட்டத்தில் மூன்று நான்கு சின்னச் செயலிகளை வைத்து, குத்தகையாளரும் கடைக்காரரும் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். பட்ஜெட் எச்சரிக்கை போட்டால் மின்னஞ்சல் வரும், ஆனால் செலவை அது நிறுத்தாது.

பி1இல் இல்லாத ஒன்று, புதிய பதிப்பைப் பக்கத்தில் ஓடவிட்டுப் பின் இடம் மாற்றும் டிப்ளாய்மென்ட் ஸ்லாட். அதற்கு ஸ்டாண்டர்டு படிக்குப் போக வேண்டும். இந்த அளவு வேலைக்கு அந்தச் செலவு தேவையில்லை. ஏற்றும்போது செயலி கொஞ்ச நேரம் விழுந்து எழும், அவ்வளவுதான். கடைசி லாரியும் எடைபோட்டு, கிராணி (தோட்ட எழுத்தர்) கணக்கை மூடிய பிறகு இரவு ஒன்பது மணிக்கு மேல் ஏற்றுங்கள். ஏற்றியதும் லாக் ஸ்ட்ரீமைத் திறந்து, செயலி போர்ட்டில் கேட்கத் தொடங்கிய வரி வந்ததா என்று பார்த்துவிட்டு மூடுங்கள். வரவில்லையென்றால் அன்றிரவே பழைய பதிப்பைத் திரும்ப ஏற்றிவிட வேண்டும், பெரட்டுக்கு இன்னும் எட்டு மணி நேரம்தான் இருக்கிறது.